கேப்டனின் அக்கா

கடைசிப் பாகம் முடிந்துவிட்டது. கேப்டன் வீட்டுக்கு வரவேயில்லை.

டேப்பைப் பின்னால் ஓட்டி மறுபடியும் பார்த்தான் ராக்கெட். விண்கலம் குலுங்கியது. முட்டை அட்டை ஒட்டிய சுவர்கள் ஆடின. தண்ணீர் டிரம்முக்குள் டார்ச் விளக்கு வைத்துச் செய்த ரோபோ, "எரிபொருள் தீர்ந்துவிட்டது, கேப்டன்" என்றது. கேப்டன் ஜன்னல் வழியே இருட்டைப் பார்த்தார். அவ்வளவுதான். பெயர்கள் ஓட ஆரம்பித்துவிட்டன.

"என்னடா, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்க?" என்று முதலாளி எட்டிப் பார்த்தார்.

"சார், கடைசி அஞ்சு நிமிஷத்தைக் காணோம்."

"பேரெல்லாம் ஒழுங்கா ஓடுதே?"

"யாரோ நடுவுல வெட்டிட்டுப் பேரை ஒட்டியிருக்காங்க சார்."

முதலாளி நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். பழைய தொலைக்காட்சித் தொடர்களை டிஸ்க்கில் போட்டு விற்கும் கம்பெனி அது. மூன்றாவது மாடியில் இரண்டே அறைகள், இரண்டே ஆட்கள். செல்போன் உறை விற்கும் கீழ்க்கடைக்காரர் அந்த அறைகள் மேல் ரொம்ப நாளாகவே கண் வைத்திருந்தார். 'பூமிக்கு வழி' என்ற இந்தத் தொடர் விற்காவிட்டால் சாவியை அவரிடம் கொடுத்துவிடுவது என்று முதலாளி மனதைத் தயார்படுத்திக்கொண்டிருந்தார்.

அந்தத் தொடர் ஓடிய காலத்திலேயே தள்ளாடிய தொடர்தான். ஞாயிற்றுக்கிழமை வந்தது, பிறகு புதனுக்குப் போனது, பிறகு வயல் பூச்சி ஒழிப்பு நிகழ்ச்சிக்கு அப்புறம் என்றார்கள். எங்கே தள்ளினாலும் ஒரு பையன் மட்டும் தலையில் பாத்திரத்தைக் கவிழ்த்துக்கொண்டு பெட்டி முன்னால் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு ராக்கெட் என்ற பெயர் அப்போது ஒட்டியதுதான். அந்தத் தொடரை டிஸ்க்காகப் போடலாம் என்று முதலாளியை நச்சரித்ததும் அவன்தான். 'கலங்க வைக்கும் இறுதிக் காட்சியுடன்' என்று அட்டையில் அச்சடிக்கச் சொன்னதும் அவனேதான். அச்சாகி வந்த அட்டைகள் இப்போது குளியலறை வரை அடுக்கியிருந்தன.

"நீ நிச்சயமா பார்த்தியா?"

"கண்ணை மூடினா தெரியுது சார். கேப்டன் பூமிக்கு வந்துடறார். மழை பெஞ்சு ஓய்ஞ்ச தெரு. கையில ஹெல்மெட். ஒரு வீட்டுக் கதவைத் தட்டறார். அவரோட அக்கா கதவைத் திறந்து, 'ஏன்டா இவ்வளவு லேட்டு? காலைத் துடைச்சுட்டு உள்ள வா'ங்கறாங்க."

"கேப்டனுக்கு அக்கா இருக்கா?"

"கடைசியிலதான் சார் தெரியும். அதான் அதோட அழகே."

அவன் போன் அடித்தது. அவனுடைய சொந்த அக்கா.

"டேய், நீ அனுப்பின அட்டைப் படத்தைப் பார்த்தேன். இறுதிக் காட்சின்னு போட்டிருக்கியே, அந்தக் கடைசிப் பாகம் வந்த அன்னிக்கு..."

"அக்கா, தலைக்கு மேல வேலை கெடக்கு. அப்புறம் பேசறேன்."

இருவரும் அந்தத் தொடரின் டைரக்டர் வீட்டுக்குப் போனார்கள். அவர் ஒரு பழைய ஸ்வெட்டருக்குள் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். அவரை ஒருவர் 'சார்' என்று கூப்பிட்டே பல காலம் ஆகியிருக்க வேண்டும்.

"அக்காவா?" என்றார், நெற்றியைச் சுருக்கி.

"கதவைத் திறப்பாங்க சார். நான் தேம்பித் தேம்பி அழுதேன்."

டைரக்டர் முகத்தில் மெல்ல வெளிச்சம் வந்தது. "ஆமா! அது முழுக்க என் யோசனை. சேனல்காரப் பாவிங்கதான் கத்திரி போட்டிருப்பாங்க!"

அந்த நாளில் கேப்டனாக நடித்தவர் இப்போது டிரைவிங் ஸ்கூல் நடத்திக்கொண்டிருந்தார். கேள்வி முடிவதற்குள் அவர் கைக்குட்டையை எடுத்துவிட்டார். "மறக்கற சீனா தம்பி அது? கிளிசரினே போடல. நெஜமா அழுதேன்."

இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? டேப்தான் எங்கும் கிடைக்கவில்லை.

"அப்ப நாமளே எடுத்துடலாம்," என்றார் முதலாளி. "எல்லாருக்குந்தான் ஞாபகம் இருக்கே."

கம்பெனி வாசலிலேயே படப்பிடிப்பு. விண்வெளி உடுப்பு கேப்டனின் தொப்பையில் வந்து நின்றுவிட்டது. முதுகுப் பக்கம் கிழித்துவிட்டு முன்னாலிருந்து மட்டும் எடுப்பது என்று முடிவானது.

"ஹெல்மெட் வலது கையில இருந்துச்சு," என்றார் டைரக்டர்.

"யோவ், பிடிச்சது நான். இடது கை!"

"ஃப்ரேம் வெச்சது நான்யா!"

வாய்ச்சண்டை முற்றி, டைரக்டர் ஸ்வெட்டரைக் கழற்றி வீசிவிட்டார். ராக்கெட் கண்ணை மூடிப் பார்த்து, இடது கை என்று தீர்ப்புச் சொன்னான். டைரக்டர் அதன்பின் அவனோடு பேசவில்லை.

மழை பெய்த தெரு வேண்டுமே என்று முதலாளி மாடியிலிருந்து வாளித் தண்ணீரைக் கவிழ்த்தார். அது செல்போன் உறைகளின் மேல் கொட்டியது. கடைக்காரர் குடையை ஈட்டி போல நீட்டிக்கொண்டு சண்டைக்கு வந்தார். அவரை அடக்க ஒரே வழிதான் இருந்தது. 'பூமியில் நடந்து செல்பவர்' என்று ஒரு வேடம் கொடுத்தார்கள். ஒருமுறை நடக்கச் சொன்னதற்கு மூன்று முறை நடந்து, மூன்று முறையும் கேமராவைப் பார்த்துச் சிரித்தார்.

அக்கா வேடத்துக்கு டிரைவிங் ஸ்கூலில் கணக்கெழுதும் அம்மா வந்தார். அவர் அந்த வசனத்தை லைசென்ஸ் கேட்கும் போலீஸ்காரர் மாதிரி சொன்னார்.

"அப்படி இல்லம்மா," என்றான் ராக்கெட். "மேல கொஞ்சம் கோவம். உள்ளுக்குள்ள, வந்துட்டியேங்கற நிம்மதி. இப்படி." அவனே சொல்லிக் காட்டினான். கடைக்காரர்கூட குடையைத் தாழ்த்தினார்.

மறுபடியும் போன். "அக்கா, ஷூட்டிங்ல இருக்கேன்க்கா!"

"நான் சொல்ல வர்றதக் கேளுடா..."

வைத்துவிட்டான்.

எடுத்ததைப் பழைய வீடியோ டெக்கில் ஓட்டி ஓட்டி, அந்தக் காலத்து டேப் மாதிரி கோடு விழ வைத்து, கடைசிப் பாகத்தோடு ஒட்டினார்கள். டிஸ்க்குகள் கடைகளுக்குப் போயின. முதலாளி சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

போன் அடித்தது. அப்புறம் நிற்கவேயில்லை.

"சின்ன வயசுல பார்த்த அதே சீன் சார்! ஒரு வார்த்தை மாறல!" என்றார் ஒரு பல் டாக்டர்.

"அக்கா கதவு திறக்கறப்ப எங்க அப்பா கண்ணத் தொடச்சுக்கிட்டது இன்னும் ஞாபகம் இருக்கு," என்றார் ஒரு பேராசிரியை.

"அந்தக் குடைக்காரர்கூட அப்படியே நெனப்புல இருக்காருங்க," என்றார் இன்னொருவர்.

முதலாளி சாவியை எடுத்து ஆணியில் மாட்டினார். "உன் ஞாபகசக்தி தெய்வம்டா," என்றார். ராக்கெட்டுக்குக் கால் தரையில் பாவவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை டிஸ்க்கோடு அக்கா வீட்டுக்குப் போனான். வழியெல்லாம் தூறல். கதவைத் தட்டினான்.

"ஏன்டா இவ்வளவு லேட்டு? காலைத் துடைச்சுட்டு உள்ள வா," என்றாள் அக்கா.

மிதியடியில் காலைத் துடைத்துக்கொண்டே, "அக்கா, பேசாம உக்காந்து பாரு. நாம சேர்ந்து பார்த்தமே, அதே முடிவு. ஊரே கொண்டாடுது," என்றான்.

அக்கா பார்த்தாள். ஈரத் தெரு வந்தது. குடைக்காரர் சிரித்துக்கொண்டே போனார். கதவு திறந்தது. அந்த வசனம் வந்ததும் அவள் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை.

"எப்படி? அப்படியே இருக்கா?" என்றான் ராக்கெட்.

அக்கா அவன் தலையை, பழைய பாத்திரம் இருந்த இடத்தை, மெல்லத் தட்டினாள்.

"அன்னிக்குப் பாதியிலேயே கரண்ட் போயிடுச்சேடா. நீ ஓன்னு அழுதியேன்னு, இருட்டுல உன்ன மடியில போட்டுக்கிட்டு நாந்தான் இந்த முடிவைச் சொன்னேன்."