சிரிக்கும்போது அடிபடாத மாப்பிள்ளைக்கு

பெருமதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

இங்கு நலம். நீங்களும் தங்கையும் புது வீட்டில் நலமாக இருப்பதை என் மனைவி தினமும் ஃபோனில் உறுதி செய்துகொள்வதால் நான் தனியாக விசாரிக்கவில்லை. இந்தக் கடிதத்தைச் சமாதானத் தூது என்று நினைத்துவிட வேண்டாம். காப்பீட்டு நிறுவனத்தில் இழப்பீடு கேட்டு வருபவர்களுக்கு ‘வருந்துகிறோம், இயலாது’ என்று எழுதுவதே என் உத்தியோகம். இதுவும் அந்த ரகம்தான். ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டு பீரோவை மாடிக்கு ஏற்ற வரும்படி தங்கை அழைத்திருக்கிறாள். வருந்துகிறேன், இயலாது. காரணங்களை விளக்குகிறேன். நான் விளக்க ஆரம்பித்தால் உங்களுக்கு என்ன ஆகும் என்று தெரியும். தண்ணீர் டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டுப் படிக்கவும்.

எங்கள் வீட்டில் நீங்கள் கடைசியாகச் சாப்பிட்ட அன்று நடந்ததை நீங்கள் மறந்திருக்கலாம். எனக்கு அந்த வசதி கிடையாது. என்னிடம் வேலை கற்றுக்கொண்டவனே எனக்கு மேலாளராக வந்து உட்கார்ந்ததில் உள்ள தர்க்கப் பிழைகளை எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். தர்க்கத்தில் முதுகலை படித்தவன் சொல்கிறேன், என் வாதத்துக்கு மறுப்பே கிடையாது. நீங்களும் மறுக்கவில்லை. குடித்த தண்ணீர் மூக்கு வழியாக வரும்படி சிரித்தீர்கள். “மச்சான், அவன் ஏன் மேல போனான்னு இப்பத்தான் புரியுது. நீங்க பேசி முடிக்கிறதுக்குள்ள போயிட்டான்” என்றீர்கள். என் மனைவியும் சிரித்தாள். “சிரிக்கணும்னா உங்க வீட்ல போய்ச் சிரிங்க” என்றேன். ஒரு பேச்சுக்குச் சொன்னது. நீங்கள் தங்கையைக் கூட்டிக்கொண்டு உடனே உங்கள் வீட்டுக்குப் போய்விட்டீர்கள். போனதோடு இல்லாமல், நான் தேடி வர முடியாதபடி வீட்டையே மாற்றிவிட்டீர்கள். அதாவது, தேடி வருகிறவனாக நான் இருந்திருந்தால்.

இந்த நிலையில்தான் கணினியில் ஒரு இலவச மென்பொருள் என் கண்ணில் பட்டது. சண்டை விளையாட்டை நம் விருப்பப்படி நாமே செய்துகொள்ளலாம். ஆளை நாம் கொடுக்க வேண்டும், அடியை அது கொடுக்கும். வாழ்நாள் முழுவதும் நான் தேடிய ஏற்பாடு. மேலாளரைச் செய்யலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அவனுடைய படம் என்னிடம் இல்லை. உங்கள் படம் இருந்தது. எங்கள் வீட்டு பீரோவை மாடிக்கு ஏற்றியபோது தங்கை எடுத்த வீடியோ நினைவிருக்கிறதா? அதிலிருந்து படம் படமாக வெட்டி எடுத்தேன். பீரோவின் அடிப்பக்கத்தைத் தோளில் வாங்கி நீங்கள் தள்ளியது குத்தாயிற்று. படியில் முழங்காலால் முட்டுக் கொடுத்தது உதையாயிற்று. குனிந்து நிமிர்ந்தது, எகிறியது என்று உங்களுக்கு மட்டும் ஒரு படைக்குத் தேவையான அடிகள் கிடைத்துவிட்டன. மேல்முனையைப் பிடித்த என் மனைவிக்குக்கூட அருமையான குத்துகள் இருந்தன. பாதுகாப்பு கருதி அவளை விட்டுவிட்டேன்.

பிறகு என்னைத் தேடினேன். வீடியோ முழுக்க நான் இருக்கிறேன். எல்லா இடத்திலும் ஒரே நிலையில், ஆள்காட்டி விரலை நீட்டிக்கொண்டு. என் கை அந்த பீரோவைத் தொட்ட படம் ஒன்றாவது கிடைக்காதா என்று முன்னும் பின்னுமாக ஓட்டிப் பார்த்தேன். இல்லை. நான் சொன்ன பக்கம் திருப்பியதால் பீரோ படி முக்கில் சிக்கிக்கொண்டதும், நீங்கள் திட்டாமல் படியில் உட்கார்ந்து சிரித்ததும் இருக்கின்றன. ஆகவே என் வீரனுக்கு ஒரே ஆயுதம், விரல். அதற்கு ‘விளக்கம்’ என்று பெயரிட்டேன். விரலை நீட்டியதும் திரையில் ‘முதலாவதாக’ என்ற எழுத்து வரும், அப்புறம் ‘இரண்டாவதாக’, கடைசியில் ‘ஆகவே’. ‘ஆகவே’ பட்டால் எதிரி காலி. இதுவரை எந்தச் சண்டையிலும் ‘இரண்டாவதாக’ தாண்டியதில்லை. அதற்குள் நான் தரையில் கிடப்பேன்.

உங்கள் சிரிப்பையும் சத்தத்தோடு எடுத்து விளையாட்டில் சேர்த்தேன். சிரிக்கும்போது பார்த்து அடிக்க வேண்டும் என்பதே முழு முயற்சியின் நோக்கம். இங்கேதான் சனியன் பிடித்தது. இந்த மென்பொருளில் ஒவ்வொரு படத்தின் மேலும் நாம் கட்டம் வரைய வேண்டும். ஆள் அடிக்கும் இடத்துக்குச் சிவப்புக் கட்டம், அடிபடும் இடத்துக்கு நீலக் கட்டம். நீலக் கட்டம் இல்லாத இடத்தில் இடியே விழுந்தாலும் ஆளுக்கு வலிக்காது. நான் எதையும் அரைகுறையாகச் செய்வதில்லை. முதலில் எனக்கு வரைந்தேன். காது, மூக்குக்கண்ணாடி, சட்டைப் பையிலிருக்கும் பேனா, நீட்டிய விரலின் நுனி வரைக்கும் நீலம். அந்தப் பேனாவை யாராவது உரசினாலும் எனக்கு உயிர் குறையும். களைத்துப்போய் உங்களிடம் வந்தபோது, சிரிக்கும் படங்களுக்கு மட்டும் நீலம் வரைய மறந்துவிட்டேன். விளைவு, நீங்கள் சிரிக்கும்போது உங்களை உலகத்தில் எதுவும் தொடாது. சிரித்து முடித்ததும் ஒரு குத்து விடுகிறீர்கள், நான் விழுகிறேன். நான் விழுந்ததும் மறுபடி சிரிக்கிறீர்கள்.

என் மனைவி பின்னால் நின்று பார்த்திருக்கிறாள். “ஏங்க, உங்கள யாரு தொட்டாலும் சுருண்டுடுறீங்க, அவர என்ன பண்ணினாலும் சிரிக்கிறாரே?”

“அது பிழை. கட்டம் விட்டுப்போச்சு.”

“எங்க பிழை? ரெண்டு பேரையும் அப்படியே அச்சா செஞ்சிருக்கீங்க.”

அத்தோடு விட்டாளா? விளையாட்டை உங்கள் வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். ஆப்பை அசைத்த குரங்குக்காவது வால் மட்டும்தான் மாட்டியது. மறுநாள் தங்கையிடமிருந்து ஃபோன். இத்தனை மாதம் பேசாதவள். அவள் கணவரை அடிவாங்க வைக்க முயன்றதற்கு என்ன பதில் சொல்வது என்று மனதுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டே எடுத்தேன்.

“அண்ணா, உன்ன எடுத்து ஆடிப் பாத்தேன்.”

“ஜெயிச்சியா?”

“எங்க? எல்லா ஆட்டமும் தோல்விதான். ஆனா ஆள மட்டும் மாத்தல.”

“ஏன்?”

“நானும் விட்டுட்டா உன்ன யாரு எடுப்பா?”

எனக்கு ‘முதலாவதாக’கூட வரவில்லை. “ஞாயித்துக்கிழம பீரோவ மேல ஏத்தணும், வந்துடு. வரலன்னா இனி நான் கூப்பிடவே மாட்டேன். கோபத்த வச்சுக்கிறது உனக்கு மட்டும்தான் தெரியும்னு நினைக்காத, நானும் உன் கூடப் பொறந்தவதான்” என்று வைத்துவிட்டாள். வைப்பதற்கு முன் பின்னாலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. அது விளையாட்டிலிருந்து வந்ததா, உங்களிடமிருந்தா என்று தெரியவில்லை. இரண்டும் ஒன்றுதான்.

ஆயினும் கொள்கை என்று ஒன்று இருக்கிறது. அன்று சிரித்ததற்கு நீங்கள் எழுத்தில் வருத்தம் தெரிவிக்கும்வரை உங்கள் வாசற்படியை மிதிப்பதாக இல்லை. மேலும் எனக்கு முதுகுவலி. விரலை நீட்டிக்கொண்டு நெடுநேரம் நின்றால் வருவது. என் மனைவி தான் மட்டுமாவது போவதாகச் சொல்லிவிட்டாள். தடுக்கவில்லை, மேல்முனை பிடிப்பதில் அவளுக்கு அனுபவம் உண்டு. அந்த விளையாட்டை நேற்றே முழுவதுமாக அழித்துவிட்டேன் என்பதையும், என் தரப்பில் வழக்கு நிரந்தரமாக மூடப்பட்டது என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன்.

பீரோ சேதமின்றி மேலே போய்ச் சேரட்டும். தங்கையின் கோபம் நீண்ட ஆயுள் பெறாதிருக்கட்டும்.

இப்படிக்கு,
உறவு இன்னும் ரத்தாகாத காரணத்தால்,
தங்கள் மனைவியின் அண்ணன்

பின்குறிப்பு: விளையாட்டை அழிக்கவில்லை. நேற்று உங்கள் சிரிப்புக்கும் நீலக் கட்டம் வரைந்து, நீங்கள் சிரித்துக்கொண்டிருக்கும்போதே ‘ஆகவே’ வரை போய், முதன்முறையாக ஜெயித்தேன். சிரிப்பு பாதியில் நின்றது. சமையலறையிலிருந்து என் மனைவி, “என்னங்க, வீடு ஒரு மாதிரி ஆயிடுச்சு?” என்றாள். கட்டத்தை எடுத்துவிட்டேன். ஞாயிறு காலை நானும் வருகிறேன். பீரோவின் கீழ்முனை எனக்கு. நீங்கள் படியோரம் நின்று விரலை நீட்டினால் போதும். சிரிக்கவும் செய்யலாம், உங்கள் வீடுதானே. தங்கையை மட்டும் மறக்காமல் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். எனக்கு ஒரு குத்தும் ஒரு உதையும் அவசரமாகத் தேவைப்படுகின்றன.