ஒரே ஓனர் வண்டி

"மாப்ளே, ஸ்டியரிங் உன் வயித்துல மாட்டிக்கிச்சா, இல்ல உன் வயிறு ஸ்டியரிங்ல மாட்டிக்கிச்சா?" என்று பின் சீட்டிலிருந்து அத்தான் கேட்டார்.

ஓட்டுகிற சீட்டில் குடைச்சல் நசுங்கிக் கிடந்தான். மூச்சு விடுவதே பெரும்பாடாக இருந்தது. கதவில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்ட பொத்தான்கள் இருந்தன. சும்மா இருக்காமல் இரண்டாம் பொத்தானை அழுத்தியிருந்தான். சீட் அவனைத் தூக்கிக்கொண்டு முன்னால் பாய்ந்துவிட்டது.

பழைய கார்களை ஓட்டிப் பார்த்து, வாங்கலாமா வேண்டாமா என்று வீடியோவில் சொல்வதுதான் அவன் தொழில். கண்ணில் பட்டதையெல்லாம் நோண்டுவதால் வீட்டிலேயே வைத்த பெயர் குடைச்சல். இன்று சிக்கியது ஒரு கறுப்பு சொகுசு எஸ்.யூ.வி. "ஒரே ஓனர் வண்டி" என்று சொல்லி, பழைய கார் வியாபாரி அரை நாளைக்குக் கொடுத்திருந்தார்.

வீடியோ பார்க்கிறவர்கள் கிடக்கட்டும், வாங்கப்போவதே அத்தான்தான். ரிட்டயர் ஆன பணம் மொத்தத்தையும் இதில் போடத் துடித்துக்கொண்டிருந்தார். காலையிலேயே அக்கா போனில் சொல்லிவிட்டாள்: "உன் வாயை நம்பித்தான் அவர் இறங்குறாரு. ஏமாந்தாருன்னா, அக்கான்னு சொல்லிக்கிட்டு என் வாசப்படி மிதிக்காத!"

குடைச்சல் தட்டுத்தடுமாறி ஒன்றாம் பொத்தானை அழுத்தினான். சீட் பின்னால் போய், கால் பிரேக்குக்கு எட்டவில்லை. மூன்றை அழுத்தினான். மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டது. கூரையைப் பார்த்தபடி கிடந்தவனுக்குத் திடீரென்று மூளையில் பொறி தட்டியது.

"அத்தான், போனை எடுத்து ரெக்கார்ட் பண்ணுங்க! இது மூணு பேரு ஓட்டின வண்டி. அவங்கவங்க வசதிக்கு சீட்டை வெச்சு, பொத்தான்ல பதிஞ்சிருக்காங்க."

"யாரு அந்த மூணு பேரு?"

"ஒண்ணு, தொப்பை வெச்ச அப்பா. ரெண்டு, குள்ளமான அம்மா. மூணு, படுத்துக்கிட்டே ஓட்டுற நெட்டைப் பையன். அடக்கமான குடும்பம்!"

வண்டியைப் பார்க்காதே, ஓட்டினவனைப் பார் என்பது குடைச்சலின் கொள்கை. சீட்டைப் பழையபடி நிமிர்த்திவிட்டு இறங்கி பானட்டைத் திறந்தான். உள்ளே பாதி சாமான் புத்தம் புதுசாகப் பளபளத்தது. ஓடின கிலோமீட்டரோ ரொம்பக் குறைவு.

"கண்ணுல வெச்சு காப்பாத்தியிருக்காங்க மாப்ளே!" இறங்கி வந்த அத்தான் பானட்டைத் தடவிக் கொடுத்தார்.

"அதான் இடிக்குது. இவ்வளவு ஆசையா வெச்சிருந்தவங்க ஏன் விக்கணும்?"

அந்தக் கேள்வி அவனை அரித்தது. மறுபடி வண்டியில் ஏறி, திரையில் மேப்பைத் திறந்தான். 'வீடு' என்று ஒன்று பதிவாகியிருந்தது. எந்தப் பக்கம் என்று பார்க்கத்தான் தொட்டான்.

"வீட்டுக்குச் செல்கிறோம். இடதுபுறம் திரும்பவும்" என்றது ஒரு பெண் குரல்.

அவன் வண்டியைக் கிளப்பி வலதுபுறம் திரும்பினான். "தவறான பாதை. திரும்பிச் செல்லவும்" என்று குரல் உயர்ந்தது. அதை அடக்க ஒரு குமிழைத் திருகினான். ஏசி முகத்தில் பனிக்காற்றை அறைந்தது. ஏசியை நிறுத்தப் போனான். நல்ல வெயிலில் வைப்பர் கண்ணாடியைக் கரகரவென்று தேய்க்க ஆரம்பித்தது.

"உங்க அக்கா பரவாயில்ல மாப்ளே. இந்தப் பொம்பளை சொல்ற வழியிலயே போயிடு" என்றார் அத்தான், பல் கிட்டிக்க.

போனான். அந்த வீட்டு மனிதர்களைப் பார்த்தே தீர வேண்டும் என்று அவனுக்கும் ஆசைதான். தெருக்கள் குறுகிக்கொண்டே போயின. கடைசியில் ஒரு தகரக் கொட்டகை முன்னால், "வீடு வந்து சேர்ந்துவிட்டீர்கள்" என்றது குரல். என்ஜினும் தானாகவே அணைந்துகொண்டது.

கொட்டகை ஒரு கார் பட்டறை. உள்ளே தொப்பைக்காரர் ஒருவர் டயரை உருட்டிக்கொண்டிருந்தார். குள்ளமான அம்மாள் ஒருத்தி ஸ்பானரோடு நின்றாள். ஒரு காருக்கு அடியிலிருந்து இரண்டு நெட்டைக் கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. தொப்பைக்காரர் வண்டியைப் பார்த்ததும் வாயெல்லாம் பல்லாக, "இருங்க, வந்துட்டோம்!" என்று கையாட்டினார்.

குடைச்சலுக்குப் புல்லரித்துவிட்டது. "அத்தான்! ஒண்ணு, ரெண்டு, மூணு! சொன்னேனா இல்லையா? ஓனரே மெக்கானிக்கு! அதான் சாமான் எல்லாம் புதுசு!"

"மெக்கானிக் வீட்டு வண்டி! கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்டா!" அத்தான் அப்போதே வியாபாரிக்குப் போன் போட்டுவிட்டார். "அந்த வண்டி எனக்குத்தான். வேற யார் கேட்டாலும் குடுத்துடாதீங்க. பேரை எழுதிக்குங்க!"

குடைச்சலுக்கு நெஞ்சு நிறைந்தது. அக்கா வீட்டு வாசற்படி இனி ஆயுசுக்கும் அவனுக்குத் திறந்திருக்கும். வீடியோவை முடிக்க அக்கம்பக்கத்தார் யாராவது நாலு நல்ல வார்த்தை சொன்னால் பிரமாதமாக இருக்கும். எதிரே டீக்கடைக்காரம்மா கிளாஸ் கழுவிக்கொண்டே வண்டியைப் பார்த்துச் சிரித்தாள். அவள் பக்கம் தன் போன் கேமராவைத் திருப்பினான்.

"ஏம்மா, இந்த வண்டியைத் தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாம என்ன! வருசக்கணக்கா இங்கதானே நிக்குது."

"அதோ, அந்தத் தொப்பைக்காரர்தானே இதோட ஓனரு?"

"ஐயே, அவரு ரிப்பேர் பாக்கறவருங்க. ஓனரு பாவம், வாரா வாரம் பஸ்ஸைப் புடிச்சு வந்து வண்டியப் பாத்துட்டுப் போவாரு."