விடுதிக்காரம்மாவுக்குப் பத்துக்குப் பத்து

உலகத்தில் யார் வேண்டுமானாலும் ஆடலாம், என் மனைவி மட்டும் இந்த விளையாட்டை ஆடக் கூடாது. எங்கள் கம்பெனியின் கணினி விளையாட்டு வெளியான காலையில், பல் துலக்கிக்கொண்டே நான் எடுத்த முடிவு இது. அந்த முடிவில் ஒன்பது நாள் உறுதியாக நின்றேன். கல்யாணமாகிப் பதினான்கு வருஷத்தில் எந்த முடிவிலும் நான் அத்தனை நாள் நின்றதில்லை.

காரணம் சொல்கிறேன். நீங்கள் வெளியில் சொல்ல மாட்டீர்கள் என்ற நம்பிக்கையில்.

எங்கள் கம்பெனியில் மொத்தம் ஆறு பேர். ஒரு மாடியறை, ஆறு நாற்காலி, ஐந்து மேஜை. மேஜை இல்லாத ஆள் நான். கதையும் வசனமும் புதிரும் எழுதுகிறவனுக்கு மடி போதும் என்பது முதலாளியின் கருத்து. இதற்கு முன் நாங்கள் செய்த இரண்டு விளையாட்டுகளை எங்கள் சொந்தக்காரர்கள்கூட ஆடவில்லை. "இதுவும் படுத்துடுச்சுன்னா கடையைச் சாத்திட வேண்டியதுதான்" என்று முதலாளி சொல்லிவிட்டார். அந்தப் பயத்தில் இரண்டு வருஷம் உழைத்து 'ஒற்றைச் செருப்பு' செய்தோம்.

ஒரு பழைய விடுதி. ஏழாம் அறையில் தங்கியிருந்தவரைக் காணவில்லை. கட்டிலுக்கு அடியில் ஒரு செருப்பு மட்டும் கிடக்கிறது. கண்டுபிடிக்க வருகிறார் ஒரு துப்பறிவாளர். நீளமான அங்கி, செந்தமிழ், லேசான தொப்பை. ஆமாம், நான்தான். விடுதியை நடத்துகிற அம்மாள் எல்லா அறைச் சாவியையும் இடுப்பில் செருகி வைத்திருப்பார். அவர் கேட்கிற கேள்விக்கு விடை சொன்னால்தான் சாவி. கேள்வியும் கோணல், புதிரும் கோணல். போர்வையை ஒழுங்காக மடிக்கத் தெரியாதவருக்கு நான்காம் அறை திறக்கவே திறக்காது.

அந்த விடுதிக்காரம்மா பேசுவதெல்லாம் என் மனைவி என்னிடம் பேசியது. ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை.

அவளுக்குப் பஸ் நிலையத்தில், தொலைந்த பொருள் பிரிவில் வேலை. "என் குடை தொலைஞ்சு போச்சு, கறுப்புக் குடை" என்று வருகிறவரை லேசில் விடமாட்டாள். "குடைன்னா கறுப்பாத்தான் இருக்கும். உங்க குடையில எத்தனாவது கம்பி வளைஞ்சிருக்கு, அதைச் சொல்லுங்க" என்பாள். அதே விசாரணை வீட்டிலும் உண்டு. நான் வாங்கி வந்த சோப்பில் ஆரம்பித்து, நான் வராமல் போன நேரம் வரைக்கும். அவள் அந்தப் பக்கம் போனதும் நான் குறிப்பேட்டை எடுப்பேன். இரண்டு வருஷத்தில் நான்கு குறிப்பேடு நிரம்பிவிட்டது. இது அவளுக்குத் தெரிந்தால் ஐந்தாவதுக்கு நான் இருக்க மாட்டேன்.

விளையாட்டு வெளியான மூன்றாம் நாள் முதல் விமர்சனம் வந்தது. பத்துக்கு ஒன்பது. முதலாளி நாற்காலி மேல் ஏறி நின்று படித்தார். மறுநாள் இரண்டு வந்தன. அதற்கு மறுநாள் நான்கு. படம் வரைகிறவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒலி சேர்க்கிறவர் தன் மேஜையில் பாதியை எனக்கு ஒதுக்கினார். நான் சட்டைக் காலரைத் தூக்கி விட்டுக்கொண்டு எல்லாவற்றையும் வாங்கிப் படித்தேன். படிக்கப் படிக்கக் காலர் தானாக இறங்கியது.

'துப்பறிவாளருக்குத் துப்பில்லை, விடுதிக்காரம்மா வெளுத்து வாங்குகிறார்' என்பது ஒரு தலைப்பு. 'துப்பறிவாளர் வாயைத் திறந்த போதெல்லாம் நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்' என்று ஒருவர். 'விளையாட்டுக்கு ஒன்பது, விடுதிக்காரம்மாவுக்கு மட்டும் பத்துக்குப் பத்து' என்று இன்னொருவர். ஆனால் மற்றொருவர் எழுதியிருந்தார், 'இந்த அம்மாளைப் படைத்தவர் ஒரு மேதை' என்று. அதை மட்டும் பதினோரு தடவை படித்தேன். மேதை வீட்டுக்குப் போய் வாயை மூடிக்கொண்டு எப்படி உட்கார்ந்திருப்பான்?

அன்று சாயங்காலம் அவளே ஆரம்பித்தாள்.

"ஏங்க, உங்க செருப்பு நல்லா ஓடுதாமே?"

"ஓடுதாவா? பறக்குது."

"விமர்சனமெல்லாம் வந்திருக்கா? படிங்க, கேப்போம்."

தமிழில் ஒரு வசதி உண்டு. எழுவாயை விழுங்கிவிட்டாலும் வாக்கியம் சாகாது. 'துப்பறிவாளர் மூன்று பக்கம் பேசியும் கண்டுபிடிக்க முடியாததை விடுதிக்காரம்மா ஒரே கேள்வியில் கண்டுபிடித்துவிடுகிறார்' என்று கைபேசியில் இருந்தது. நான் லேசாக இருமிவிட்டு, "ஒரே கேள்வியில் கண்டுபிடித்துவிடுகிறார்" என்று படித்தேன்.

"யாரு?"

"யாருன்னா?"

"ஒரே கேள்வியில கண்டுபிடிக்கிறது யாருன்னு கேட்டேன்."

"துப்பறியற கேம்ல வேற யாரு கண்டுபிடிப்பாங்க? துப்பறிவாளர்தான்."

"அப்படியா. சந்தோஷம். அடுத்ததைப் படிங்க."

அடுத்ததையும் படித்தேன். அதற்கு அடுத்ததையும். ஐந்து சாயங்காலம் இது நடந்தது. அவள் டீ கொடுத்தாள், நான் எழுவாயை விழுங்கினேன். எனக்கே துப்பறிவாளர் மேல் மரியாதை வந்துவிட்டது. எப்பேர்ப்பட்ட ஆள் அவர்.

ஒன்பதாம் நாள் அவள் கொடியிலிருந்து எடுத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். நான் பன்னிரண்டாவது விமர்சனத்தை வாசித்துக்கொண்டிருந்தேன்.

"நாலாவது வரியை விட்டுட்டீங்க" என்றாள், தலை நிமிராமல்.

"எந்த நாலாவது வரி?"

"'போர்வை மடிக்கும் காட்சியில் விடுதிக்காரம்மாவின் பேச்சுக்கு ஈடு இணை இல்லை'. அதைத் தாண்டிக் குதிச்சுட்டீங்க."

நான் கைபேசியைக் கீழே வைத்தேன்.

"நீ இதைப் படிச்சியா?"

"எல்லாத்தையும் படிச்சேன். கேமையும் ஆடி முடிச்சாச்சு, சாப்பாட்டு நேரத்துல. எங்க ஆபீஸ்ல எல்லாரும் ஆடுறாங்க. விடுதிக்காரம்மா வாயைத் திறந்தா எல்லாரும் திரும்பி என்னைத்தான் பாக்குறாங்க."

"அது வந்து, முழுக்க முழுக்கக் கற்பனைப் பாத்திரம்."

"'ஈரத் துண்டைக் கட்டில் மேல போடுற ஆளுக்குச் சாவி எதுக்கு?' இது யாரோட கற்பனை?"

துண்டு அப்போதும் கட்டில் மேல்தான் இருந்தது. நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"பன்னெண்டு வருஷமா தொலைஞ்ச பொருள் பிரிவுல இருக்கேன்" என்றாள். "வாக்கியத்துல ஆள் தொலைஞ்சா எனக்குத் தெரியாதுன்னு எப்படி நினைச்சீங்க?"

இடி இறங்கும் என்று காத்திருந்தேன். இறங்கவில்லை. அவள் போர்வையை உதறி ஒரு முனையை என்னிடம் நீட்டினாள்.

"முதல்ல கோவம்தான் வந்துது. அஞ்சாம் அறை வரைக்கும் பல்லைக் கடிச்சுக்கிட்டுதான் ஆடினேன். அப்புறம் பாத்தா, போன மழைக்கு நான் ஏதோ சொன்னது, நானே மறந்து போனது, அதுகூட இருக்கு. நான் பேசறப்ப நீங்க சுவத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பீங்க. எதையும் காதுல வாங்கறதில்லைன்னு நினைச்சிருந்தேன். ஒரு எழுத்து விடாம வாங்கியிருக்கீங்க."

"சொல்லாம செஞ்சது தப்புதாம்மா" என்றேன்.

"பரவால்லை. முனையை நேரா பிடிங்க."

அன்று ராத்திரி படுக்கையில் நான் ராஜாதான். ஊர் மெச்சிவிட்டது, வீடும் மன்னித்துவிட்டது. மறுநாள் ஆபீஸ் படியை இரண்டிரண்டாக ஏறினேன். மேலே முதலாளி இன்னும் பெரிய செய்தி வைத்திருந்தார். பதினேழு விமர்சனங்கள், ஒன்றுகூடப் பத்துக்கு எட்டுக்குக் கீழே இல்லை. கடையைச் சாத்துவது என்ற பேச்சே இனிமேல் இல்லை. இரண்டாம் பாகம் உடனே ஆரம்பம்.

"ஒரு ஆள் மட்டும் இருபத்திரண்டு தப்பு கண்டுபிடிச்சு நம்ம இணையப் பக்கத்துல எழுதியிருக்காங்க" என்றார். "கட்டிலடியில கிடக்கறது வலது கால் செருப்பு. வாசல்ல வெறுங்கால் தடம் இடது கால். அப்ப அவர் இடது செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு, வலது காலைத் தூக்கிக்கிட்டா போனார்னு கேக்குறாங்க. பத்திரிகைக்காரங்க பதினேழு பேர்ல ஒருத்தரும் இதைக் கேக்கலை. இவங்கதான் நம்ம விமர்சகர். இரண்டாம் பாகத்துக் கதையை இவங்களே பாத்துக்கட்டும்னு போன்ல பேசி முடிச்சுட்டேன். சனிக்கிழமை தோறும் வருவாங்க."

"அவங்க பேரு?"

"பேரு போடலை. 'மூணாம் ஜன்னல்'னுதான் கையெழுத்து."

பஸ் நிலையத்தில் தொலைந்த பொருள் பிரிவு எத்தனாவது ஜன்னல் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

சனிக்கிழமை அவள் வந்தாள். புது மேஜை ஒன்று வந்திருந்தது, அது அவளுக்கு. என்னிடம் கேட்டு வாங்கிய நான்கு குறிப்பேடுகளையும் அதன் மேல் அடுக்கி வைத்துக்கொண்டு பென்சிலைச் சீவினாள். மற்ற நால்வரும் மரியாதையாக எழுந்து நின்றார்கள். "வசனம் எழுதினதும் அம்மாகிட்ட காட்டி சரி பாத்துக்குங்க" என்று முதலாளி என்னிடம் சொன்னார். உண்மையைச் சொன்னால் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. கொஞ்சம் கவலையும் இருந்தது. மடியில் காகிதத்தை வைத்துக்கொண்டு அவள் பக்கமாகச் சாய்ந்து, மெதுவாகக் கேட்டேன்.

"இரண்டாம் பாகத்துல துப்பறிவாளர் இருக்கார்ல?"

அவள் காகிதத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"இருக்கார். முதல் காட்சியிலேயே தொலைஞ்சு போறார். கடைசி வரைக்கும் அவரைக் கேட்டு யாரும் வரலை."