பென்டிரைவைக் காலியாகக் கொடுக்கலாமா?

"உள்ளதான் இருக்குன்னு சொன்னியே! எங்க இருக்கு? காட்டு!"

"கத்தாத லா, ஆட்ரி. நேத்து இருந்துச்சு. சத்தியமா இருந்துச்சு."

"நேத்து இருந்தது இன்னைக்கு பஸ் ஏறி சிங்கப்பூருக்குப் போயிடுச்சா?"

ஜோகூர் மாசாயில் அந்தத் தாமான் குடியிருப்பு முழுக்க இந்தச் சத்தம் கேட்டது. யாரும் காதைப் பொத்திக்கொள்ளவில்லை. எதிர்வீட்டுக்காரி, ஏற்கெனவே கூட்டிய வாசலை மறுபடியும் கூட்டினாள்.

விஷயம் இதுதான். பாசிர் கூடாங் தொழிற்சாலையில் டெக்னீஷியனாக இருக்கும் எல்வின், ஆட்ரியைக் கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்பட்டான். ஆட்ரிக்குச் சம்மதம். அவள் அப்பா கிரகோரிக்குத்தான் சிங்கப்பூரில் வேலை செய்யும் வேறொரு மாப்பிள்ளை மேல் கண். இன்று மாலை மாதா கோயில் மண்டபத்தில் கிரகோரி, ஐலீன் தம்பதிக்கு முப்பதாவது திருமண நாள் விருந்து. அவர்களுடைய கல்யாண வீடியோவைச் சுருக்கி, பாட்டுச் சேர்த்து, பெரிய திரையில் காட்ட வேண்டும். "கம்ப்யூட்டர் தெரியும்னு பீத்திக்கிறியே, இதக்கூட ஒழுங்கா செய்யலன்னா பொண்ணு கேட்டு இந்தப் பக்கம் வராத" என்று சொல்லித்தான் பென்டிரைவைக் கொடுத்திருந்தார்.

எல்வின் அதைச் செருகினான். எடிட்டிங் சாஃப்ட்வேரைத் திறந்து இம்போர்ட் கொடுத்தான். மணப்பெண்ணின் முக்காடு, கேக், கோட்டு சூட்டு எல்லாம் உள்ளே வரிசையாக வந்து உட்கார்ந்தன. வேண்டியதை வெட்டினான், ஒட்டினான். அதுவரை எல்லாம் சரி.

பிறகுதான் அவனுக்கு நல்ல குணம் வந்து தொலைத்தது. பக்கத்து வீட்டிலிருந்து பாயசம் வந்த கிண்ணத்தை நம் ஆட்கள் யாராவது காலியாகத் திருப்பிக் கொடுப்போமா? கொஞ்சம் சீனியாவது போட்டுத்தான் கொடுப்போம். வருங்கால மாமனாரின் பென்டிரைவை மட்டும் சும்மா கொடுக்கலாமா? படம்தான் சாஃப்ட்வேருக்குள் போய்விட்டதே என்று பென்டிரைவைச் சுத்தமாகத் துடைத்து, காரில் கேட்கப் பழைய பாட்டுகளை நிரப்பிக் கொடுத்துவிட்டான்.

இம்போர்ட் என்பது படத்தை வீட்டுக்குக் கூட்டி வருவதில்லை, விலாசத்தை மட்டும் எழுதி வைத்துக்கொள்வது என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. இன்று திறந்தால் திரை முழுக்கச் சிவப்பு. 'மீடியா ஆஃப்லைன்.'

எல்வின் கிரகோரி வீட்டுக்கு ஓடினான்.

"அங்கிள், பாட்டுல கொஞ்சம் குறை இருக்கு. பென்டிரைவக் குடுங்க, சரி பண்ணித் தரேன்."

"நல்லாத்தான பாடுது?"

"இன்னும் நல்லாப் பாடும் அங்கிள்."

அழிந்ததை மீட்கும் புரோகிராம் ஒன்றை இறக்கி ஓட விட்டான். வீடியோ திரும்பவில்லை. இருந்த பாட்டுகளும் போய்விட்டன.

"அலமாக்! இப்ப ரெண்டும் போச்சா?" என்றாள் ஆட்ரி.

"ஒரிஜினல் டிவிடி எங்க?"

"அப்பா அதப் பயித்தங்காய்ப் பந்தல்ல கட்டித் தொங்க விட்டுட்டாரு. குருவிய விரட்ட."

எல்வின் அவர்கள் வீட்டுக் கொல்லைக்குப் போய் டிவிடியை அறுத்தெடுத்தான். வெயிலில் காய்ந்து, வெள்ளிப் பூச்சு உரிந்து, எதிர்ப்புறம் தெரிந்தது. ஓட்டை வழியே பார்த்தால் கிரகோரியும் தெரிந்தார்.

"என் பந்தல்ல உனக்கென்ன தம்பி வேல?"

"பூச்சி இருக்கான்னு பாத்தேன் அங்கிள்."

"நல்லதாப் போச்சு. முழுசாப் பாத்துடு" என்று மருந்து டப்பாவை அவன் முதுகில் மாட்டிவிட்டார். எல்வின் பந்தல் முழுக்க மருந்தடித்துவிட்டு, அந்த வாடையோடே லேப்டாப்புக்குத் திரும்பியபோது வெயில் இறங்கியிருந்தது.

கடைசியாக, காணாமல் போனதைத் தேடச் சொல்லும் பொத்தானை அழுத்தினான். சாஃப்ட்வேர் லேப்டாப் முழுக்கத் துழாவியது. சட்டென்று சிவப்பெல்லாம் மறைந்தது.

"ஆட்ரி! கெடச்சிருச்சு!"

"ஓட்டிப் பாரு, சரியா இருக்கான்னு."

"பாக்க ஏது நேரம்? இப்ப எக்ஸ்போர்ட் போட்டாதான் விருந்துக்கு முடியும்."

சாஃப்ட்வேர் பெயரைத்தான் பார்க்கும், முகத்தைப் பார்க்காது. எந்தக் கல்யாண டிவிடியிலிருந்து எடுத்தாலும் கோப்புகளுக்கு ஒரே பெயர்தான் விழும். எல்வினின் சித்தப்பா கல்யாணம் லேப்டாப்பின் வேறொரு மூலையில் அதே பெயரில் கிடந்தது.

மண்டபத்தில் விளக்கணைந்து திரையில் மணப்பெண் நடந்து வந்தபோது, ஆட்ரி எல்வினின் தொடையைக் கிள்ளினாள்.

"இது யாரு?"

"எங்க சித்தி."

"செத்தோம்."

எல்வின் கதவு எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டான்.

ஆனால் இதுவும் முப்பது வருஷத்துப் பழைய படம். முகத்தின் மேல் பச்சைக் கோடுகள். அந்தக் காலத்து மீசையெல்லாம் ஒரே அளவு. மேலும், கல்யாண வீடியோவில் பெண் மாப்பிள்ளையை யார் பார்க்கிறார்கள்? மண்டபமே தன்னைத்தான் தேடிக்கொண்டிருந்தது.

"அந்தப் பச்ச சேல நான்தான்!"

"நீயா? அது நான். உனக்கு ஏது அப்படி இடுப்பு?"

கேக்கைத் தூக்கி வந்தது தான்தான் என்று ஒருவர் சத்தியமே செய்தார். கிரகோரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, "எவ்வளவு முடி இருந்திருக்கு எனக்கு" என்று தழுதழுத்தார். படம் முடிந்ததும் மைக்கைப் பிடித்தார்.

"இந்தப் பையன சந்தேகப்பட்டுட்டேன். எங்க கல்யாணத்த அப்படியே கண்ணு முன்னால கொண்டாந்துட்டான். ஆட்ரி இவனுக்குத்தான்!"

கைதட்டல். ஐலீன் மட்டும் கோழியை நிதானமாக மென்றுகொண்டிருந்தாள்.

சிங்கப்பூர் மாப்பிள்ளை பிறகு ஜோகூர் பாருவில் ஒரு நர்ஸைக் கட்டிக்கொண்டான். எல்வினும் ஆட்ரியும் அதே கோயிலில் மணமுடித்து, பண்டார் தெங்காராவில் வீடு பார்த்துப் போனார்கள். லாரியில் சாமான் ஏற்றிய அன்று ஐலீன் மருமகனை அடுப்படிக்குள் இழுத்தாள்.

"அன்னைக்கு ஓடுனது எங்க கல்யாணம் இல்லன்னு எனக்குத் தெரியும், தம்பி."

எல்வின் கையிலிருந்த சோற்றுக் குக்கரைக் கீழே வைத்தான். "அத்த, உங்க வீடியோவ நான்..."

"எங்க வீடியோவா? அந்த டேப்புமேல நான் அப்பவே சமையல் நிகழ்ச்சியப் பதிவு பண்ணிட்டேன். உங்க மாமா டிவிடியாக்கணும்னு நின்னப்ப, வீடியோ கடையில யாரோ வாங்காம விட்டுட்டுப் போன கல்யாணத்தக் கேட்டு வாங்கிட்டு வந்தேன். நீ அழிச்சதும் எங்களுது இல்ல லா!"