பை வைத்த போர்வை

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு, உங்கள் மருமகளைப் பெற்றவன் பணிவோடு எழுதுவது. உங்கள் கால் எலும்பு நல்லபடியாகக் கூடிவருகிறதென்று நம்புகிறேன். நான் நலம். இந்த 'நான் நலம்' என்பதை விளக்கத்தான் இவ்வளவு நீளக் கடிதம். தயவுசெய்து படுத்தபடியே வாசிக்கவும், கோபம் வந்தாலும் எழுந்து நிற்க வேண்டாம்.

சர்வேயர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் நான் வீட்டில் சும்மா இராமல் சமையலறை டப்பாக்களை உயர வரிசைப்படி மாற்றி மாற்றி அடுக்கியதால், என் மனைவி என்னைத் தன் தையல் குழுவுக்கு இழுத்துக்கொண்டு போனாள். ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவர்களுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று, துண்டுத் துணிகளை இணைத்து உள்ளே பஞ்சு வைத்துப் போர்வை தைத்து இலவசமாகக் கொடுக்கும் பெண்கள் குழு அது. தலைவி ஓய்வு பெற்ற நர்ஸ். அவர் இல்லாதபோது எல்லோரும் 'மேஜர்' என்று அழைப்பார்கள். மேஜரின் விதி ஒன்றே ஒன்றுதான்: போர்வையை மேசைமேல் விரித்துத் தைக்க வேண்டும், மடியில் வைத்துத் தைக்கக் கூடாது. நானோ ஒவ்வொரு சதுரத்தையும் இரும்பு ஸ்கேலால் அளந்து, மூலைக்கு மூலை சரிபார்த்து, மயிரிழை பிசகினாலும் பிரித்துத் தைத்ததில், மற்றவர்கள் முடித்து மடித்துக் கட்டியபோதும் என் போர்வை பாதியில் நின்றது. மீதியை ஆஸ்பத்திரிக்குப் போகும் வேனில் மடியில் வைத்தே தைத்தேன். வேன் குலுங்கியதால் ஊசியைக் கொஞ்சம் ஆழமாகவே இறக்கினேன். வேன் நின்றதும் ஊசியை எங்கேயோ குத்திவைத்துவிட்டு, பெருமையோடு எழுந்தேன். போர்வையும் கூடவே எழுந்தது.

இரண்டு தொடையிலும் பேன்ட்டோடு சேர்த்து இறுக்கித் தைத்திருந்தேன் சம்பந்தி. தையல் மட்டும் ஒரே நேர்கோடு. "யாரும் சிரிக்கக் கூடாது" என்று சொன்ன மேஜர்தான் முதலில் சிரித்தார். பிறகு என்னை வாசலில் நிற்கச் சொல்லிவிட்டு, கத்திரிக்கோல் வாங்க உள்ளே போனார். போர்வை காலில் சுற்றிக்கொள்ள, தரையைத் தேய்த்தபடி நான் ஓரமாக நகர்ந்ததைப் பார்த்த அட்டெண்டர் ஒருவர், இந்த நிலைமையில் நடக்கலாமா பெரியவரே என்று என்னைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார். நான் நோயாளி இல்லை என்றேன். இங்கே வருகிற எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள் என்றபடி தள்ளிக்கொண்டு ஓடினார். காலியாக இருந்த கட்டிலில் இறக்கிப் படுக்கவைத்து, என் போர்வையை என்மேலேயே இழுத்துவிட்டுப் போனார். பக்கத்துக் கட்டிலைத் திரும்பிப் பார்த்தால், நீங்கள்.

உங்கள் கால் முறிந்த செய்தி எனக்கு முன்பே தெரியும். எட்டிக்கூடப் பார்க்கமாட்டேன் என்று வீறாப்பாக இருந்தேன். கல்யாண குரூப் போட்டோவில் உங்கள் முகம் முழுவதும் என் தலைக்குப் பின்னால் மறைந்துபோனதிலிருந்து நாம் இருவரும் பேசவில்லை. பேத்தியைக்கூட நீங்கள் வரும் நாளில் நானும், நான் வரும் நாளில் நீங்களும் பார்க்காமல் கவனமாக இருந்துவிட்டோம். அப்படிப்பட்ட நீங்கள், தொங்கவிட்ட காலோடு என் பக்கம் சாய்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள்.

"நீங்க உயரம் சம்பந்தி. அது உங்க தப்பா? நான்தான் தள்ளி நின்னிருக்கணும்."

அந்த நேரத்தில் என் உடம்புக்கு ஒன்றுமில்லை என்று எப்படிச் சொல்வேன்? எனக்கும் கண் கலங்கிவிட்டது. அதில் நடிப்பே இல்லை. அதற்குள் மேஜர் வந்து கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்தார். நீங்கள் கேட்ட கத்திரிச் சத்தம் ஆபரேஷன் அல்ல, என் பேன்ட்டின் முன்பக்கத்தை வெட்டி எடுத்த சத்தம். வெளியிலிருந்து நீங்கள், "ரொம்ப வலிக்குதா சம்பந்தி?" என்று கேட்டீர்கள். "இல்ல, குளிருது" என்றேன். அது சத்தியமான உண்மை.

அந்தப் போர்வையைத்தான் நீங்கள் தூங்கியபின் உங்களுக்குப் போர்த்திவிட்டு வந்தேன். அடியில் ஒரு பை இருக்கிறதே, அதில் மூக்குக் கண்ணாடி வைத்துக்கொள்வதாகச் சொல்லி மேஜரைப் பாராட்டினீர்களாம். அது என் பேன்ட் பாக்கெட். இப்போது வார்டு முழுக்கப் பை வைத்த போர்வைதான் வேண்டுமென்று கேட்பதால், குழுவில் யார் வீட்டிலும் ஆண்களுக்கு உடுத்தப் பேன்ட் இல்லை.

இவ்வளவையும் மறைத்திருப்பேன். ஆனால் நான் இன்றைக்கோ நாளைக்கோ என்று இருப்பதாக நீங்கள் படுக்கையிலிருந்தே சொந்தபந்தம் அத்தனைக்கும் போன் போட்டுவிட்டீர்கள். என் மகள் அழுதுகொண்டே ஊரிலிருந்து கிளம்பிவிட்டாள். எனக்கு ஒரு நோயும் இல்லை. கல்லுமாதிரி இருக்கிறேன். அதற்காகப் பழையபடி முகத்தைத் திருப்பிக்கொள்ளாதீர்கள். பேத்தியோடு எல்லோரும் சேர்ந்து புதுப் போட்டோ எடுக்கலாம் என்று சொன்னீர்களே, அந்த ஆசையில்தான் நான் இப்போது நாளை ஓட்டுகிறேன். நீங்கள் வரமாட்டேன் என்றால் உண்மையாகவே படுத்துவிடுவேன்.

சம்பந்தியம்மாவுக்கு வணக்கம். மாப்பிள்ளைக்கும் பேத்திக்கும் நிறைந்த ஆசிகள். உங்கள் கால் நேராகவும் உங்கள் கோபம் வளைந்தும் வரட்டும்.

இப்படிக்கு,
பூரண ஆரோக்கியத்துடன்,
உங்கள் சம்பந்தி

பின்குறிப்பு: மேலே 'நான் நலம்' என்று வருகிற இடங்களையெல்லாம் அடித்துவிட்டு வாசிக்கவும். கடிதத்தை உறையில் போட உட்கார்ந்தேன். சதுரம் வெட்டுவதற்காக என் பேன்ட்டின் மிச்சமிருந்த பின்பக்கத்தை மனைவி அதே நாற்காலியில் போட்டிருந்தாள். வேனில் நான் குத்திவைத்த ஊசி அதன் இடுப்புப் பட்டியில்தான் இருந்தது. உள்ளே போய் முறிந்துவிட்டது. இப்போது உங்களுக்கு நேர் மேல்மாடி வார்டில், ஆபரேஷன் முடிந்து கிடக்கிறேன். அதே அட்டெண்டரிடம் சொன்னால் உங்களைத் தள்ளிக்கொண்டு வருவார். மகளும் பேத்தியும் வந்துவிட்டார்கள், போட்டோவை இங்கேயே எடுத்துவிடலாம். நான் குப்புறப் படுத்திருப்பதால், இந்த முறை உங்கள் முகத்தை மறைக்க ஆளில்லை.