தம்பியின் முதுகுக்கு ஒரு சைக்கிள்

லோவெரே,
அக்டோபர் 9.

அன்புள்ள தம்பி ஒரேஸ்தேவுக்கு, அண்ணன் எவாரிஸ்தோ ஏரியின் இந்தக் கரையிலிருந்து எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் வலது முழங்காலும் நலம். இடது முழங்கால் தன் இஷ்டப்படி நடந்துகொள்கிறது. அங்கே எதிர்க்கரை பிஸோஞ்ஞேயில் நீயும் உன் வீட்டுக்காரி இயோலேயும் உங்கள் நொண்டிப் பூனையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பூனை விஷயம் எனக்கு எப்படித் தெரியும் என்று குழம்பாதே, சந்தையில் பாலாடைக்கட்டி விற்கும் இனெஸ் சொன்னாள். படகில் இருபது நிமிடத்தில் தாண்டுகிற தண்ணீரை இந்தக் கடிதம் தாண்ட ஒரு வாரம் ஆகும். பெர்காமோ போய், மிலான் போய், பிரேஷியா போய், ஊரெல்லாம் சுற்றிப் பார்த்துவிட்டு உன் வீட்டுக்கு வந்து சேரும். போனில் பேசியிருக்கலாமே என்பாய். போன் என்றால் என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுவாய். கடிதத்தை வைத்தாலும் அது மேஜைமேல் உட்கார்ந்து உன்னையே பார்த்துக்கொண்டிருக்கும்.

விஷயத்துக்கு வருகிறேன். உனக்கு ஒரு சைக்கிள் செய்யச் சொல்லியிருக்கிறேன். அச்சில் ஊற்றி எடுக்கிற கறுப்பு பிளாஸ்டிக் சமாச்சாரம் இல்லை, உருக்குக் குழாயை உன் உடம்புக்கு அறுத்துப் பற்றவைக்கிற சைக்கிள். இதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ளாதே. மன்னிப்புக் கேட்கும்படி நான் எதுவும் செய்யவில்லை. இந்தக் கடிதத்தை உரக்க வாசிக்கப்போவது இயோலேதான், உன் கண்ணாடி என்றைக்கு இருந்த இடத்தில் இருந்திருக்கிறது? ஆகவே அவளுக்காக ஒருமுறை நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். முப்பத்தொரு வருஷம் ஞாயிறுதோறும் நாம் இரண்டு பேரும் ஏரியை ஒரு சுற்றுச் சுற்றி வருவோம். கடைசியில் லோவெரே என்று எழுதிய ஊர்ப்பலகையை யார் முதலில் தாண்டுகிறார்களோ அவர்கள் அன்றைக்கு ராஜா, மற்றவன் காபி வாங்கித் தரவேண்டும். முப்பத்தொரு வருஷமும் நீயே ராஜா, நான் காபிக்காரன். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிறு, ஓல்யோ ஆற்றுப் பாலம் தாண்டியதும், நீ மரக்கிடங்குச் சுவரோரம் இறங்கி ஒன்றுக்குப் போயிருக்கிறாய். ஒருவன் அதற்காக நின்றால் மற்றவன் மெல்ல மிதித்துக் காத்திருக்க வேண்டும், அந்த நேரம் பார்த்து முந்திக்கொண்டு ஓடக் கூடாது என்பது சைக்கிளில் ஏறிய ஒவ்வொருவனுக்கும் தெரியும். எங்கேயும் எழுதி வைக்கவில்லை, ஆனால் மீறியவனை யாரும் பக்கத்தில் சேர்க்க மாட்டார்கள். நான் நீ பின்னால் வருகிறாய் என்று நினைத்து மிதித்தேன், பலகையைத் தாண்டினேன், ஜெயித்தேன். அவ்வளவுதான் நடந்தது. நீ அந்த வாரமே நம் சைக்கிள் கழக விருந்தில், முப்பது பேர் தட்டில் பொலெந்தாக் களி ஆறிக்கொண்டிருக்கும்போது எழுந்து நின்று, "நான் சுவத்தப் பாத்து நின்னுக்கிட்டிருந்தப்ப எங்க அண்ணன் ஜெயிச்சாரு, எல்லாரும் கை தட்டுங்க"ன்னு சொன்னாய். "நீ நின்னத நான் பாக்கவே இல்லடா"ன்னு நானும் எழுந்து சொன்னேன். நீ நாற்காலியைத் தள்ளிவிட்டுப் போனவன் போனவன்தான்.

போகட்டும். சைக்கிளுக்கு வருகிறேன். பொருள்களை ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்க்கவே வசந்தகாலத்திலிருந்து வெயில் கொளுத்திய செப்டம்பர் வரை ஆகிவிட்டது. நாற்பது வருஷம் ரயில் சக்கரம் வார்த்தவன் நான், ஒரு ஜோடி சைக்கிள் சக்கரத்துக்கு ரிம் பிடிக்க எனக்கு மூன்று மாதம் பிடித்தது என்றால் பார். முப்பத்தாறு கம்பிகள், முப்பத்திரண்டு இல்லை, ஏனென்றால் நீ பள்ளத்தைப் பார்த்து ஓட்டுகிற ஜாதி இல்லை. ஹேண்டில்பார் பழைய வளைவு, உன் உள்ளங்கை எங்கே படியுமோ அங்கே ஆழமாக வளைந்தது. சீட் தோல். செயின் ஓடும் முன்பற்சக்கரம் சின்னதாகப் போட்டிருக்கிறேன், மேடு ஏற லேசாக இருக்கும், கோபப்படாதே, உனக்கும் அறுபத்தாறு ஆகிறது. நிறம் என்ன தெரியுமா? நீலமும் வெள்ளையும், உங்கள் கரை பிரேஷியா பந்தாட்ட அணியின் நிறம். பிரேஷியாக்காரியைக் கட்டிக்கொண்டு பிரேஷியா கொடியின் கீழ் போய் உட்கார்ந்தவனுக்கு, பெர்காமோவில் பிறந்து பெர்காமோவில் சாகப்போகிற நான், பந்தாட்ட மைதானத்தில் நான் எந்த நிறத்தைப் பார்த்துக் கத்தி என் தொண்டையைக் கெடுத்துக்கொண்டேனோ அதே நிறத்தை, என் வாயால் கேட்டேன். கழகத்தில் இதைச் சொல்லிவிடாதே.

ஆனால் ஃபிரேம் செய்கிறவள் ஒருத்தி இருக்கிறாளே, தெல்ஃபினா. நாற்பது வயது, முன்னால் பாய்லர் பற்றவைத்துக்கொண்டிருந்தவள், இப்போது அவளிடம் சைக்கிளுக்கு ஊர் ஊராக வரிசை நிற்கிறது. எட்டு மாதம் காத்திருந்து என் முறை வந்தது. உள்ளே போனேன். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"யாருக்கு?"

"என் தம்பிக்கு."

"தம்பி எங்க?"

"அவன் வரமாட்டான். அளவு சொல்றேன், எழுதிக்கம்மா."

"பெரியவரே, நான் ஆளப் பாக்காம குழாய அறுக்கிறதில்ல. கால கூட்டிட்டு வாங்க, முதுக கூட்டிட்டு வாங்க. அதுங்ககூட தம்பியும் வந்தா சந்தோஷம்."

எனக்கு வந்த கோபத்தை நீ பார்த்திருக்க வேண்டும். வீட்டுக்கு வந்து பீரோவைக் குடைந்தேன், நீ இங்கே விட்டுப்போன உன் கல்யாணக் கால்சட்டை கிடைத்தது. நாலாக மடித்து எடுத்துக்கொண்டு போய் அவள் மேஜையில் வைத்தேன். அவள் அதை இடுப்பைப் பிடித்துத் தூக்கி வெளிச்சத்தில் காட்டி, "சைக்கிள் ஓட்டப்போறது இதுவா?"ன்னு கேட்டாள். கடையில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். உன் கால்சட்டையில் பூச்சி அரித்த ஓட்டை எங்கே இருந்தது என்பதை இயோலே முன்னால் எழுத விரும்பவில்லை.

அடுத்து இனெஸைப் பிடித்தேன். ஆமாம், போன மாதம் சந்தையில் அவள் டேப்பை எடுத்துக்கொண்டு உன் கையை அளந்தாளே, அந்த நாடகம் என்னுடையதுதான். திரும்பி வந்தவள் படகுத்துறையிலேயே என்னைத் திட்ட ஆரம்பித்துவிட்டாள்.

"உங்க தம்பிகிட்ட, அண்ணே, கைய நீட்டுங்க, எங்க வீட்டுக்காரருக்கு ஸ்வெட்டர் பின்றேன், அவரும் உங்க ஒசரந்தான்னு சொன்னேன். அவரு என்னையே பாத்துட்டு, உன் வீட்டுக்காரர் போன வருஷந்தானே இனெஸ் செத்துப் போனாருன்னு கேட்டாரு."

"ஐயையோ, நீ என்ன சொன்னே?"

"என்னத்த சொல்றது? ஆமாண்ணே, அதான் அவசரமில்லாம பின்றேன்னு சொன்னேன்."

அதற்குப் பிறகும் நீ கையை நீட்டினாயாம். கோட்டைக்கூடக் கழற்றி வைத்துவிட்டு நீட்டினாயாம். அளவை அவள் பாலாடைக்கட்டி எடைச்சீட்டில் குறித்து, அந்தச் சீட்டை யாரோ ஒரு அம்மாளுக்குக் கட்டியோடு சேர்த்துக் கொடுத்துவிட்டாள். அதனால் உன் கை நீளம் இப்போது ஏதோ ஒரு சமையலறையில் இருக்கிறது. இன்னொன்றும் சொன்னாள். உன் பழைய சைக்கிள் அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து கொட்டகையில் ஆணியில் தொங்குகிறது, டயர் இரண்டும் பொடிப்பொடியாக உதிர்கிறது என்று. அதைக் கேட்டுவிட்டு நான் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை, எனக்கு வெயிலில் காய்ந்த ஏரிமீன் எவ்வளவு பிடிக்கும் என்று உனக்குத் தெரியும், அதைக்கூடத் தொடவில்லை.

இனி என்ன செய்வது, நானே நீயாகிவிடுவது என்று முடிவு பண்ணினேன். உன் உயரத்துக்கு நான் ஒன்பது சென்டிமீட்டர் குறைவு. காலணிக்கு அடியில் மரக்கட்டை அடித்துக்கொண்டேன், கைக்குக் கம்பளிக் கையுறைக்குள் துணி அடைத்துக்கொண்டேன், நேரே தெல்ஃபினாவின் அளவுமேடைக்குப் போனேன். அது சக்கரமில்லாத சைக்கிள், திருகைத் திருப்பினால் நீளும், குறுகும். ஏறும்வரை எல்லாம் நன்றாகத்தான் போனது. பெடலில் கட்டை வழுக்கி, நான் ஹேண்டில்பாரைத் தாண்டி அவளுடைய குழாய் அடுக்குமேல் விழுந்தேன். இடது முழங்கால் சேதி அதுதான். அவள் என்னைத் தூக்கி உட்காரவைத்து, கையுறையை இழுத்துப் பார்த்து, உள்ளே இருந்த துணியை எடுத்து என் நெற்றியைத் துடைத்துவிட்டாள்.

"இவ்வளவு கஷ்டம் எதுக்கு? தம்பி ஓட்டுறப்ப எப்படி உக்காருவாரு, அதையாவது சொல்லுங்க."

சொன்னேன். எவ்வளவு நேரம் சொன்னேன் என்று தெரியாது, அவள் பற்றவைக்கும் சுடர் அணைந்தே போய்விட்டது. மேடு வருவதற்கு முன் நீ வலது தோளை ஒருமுறை உதறுவாய் என்று சொன்னேன். களைத்தால் இடது முழங்கை வெளியே போகும், அதை வைத்துத்தான் உனக்கு ரொட்டி வேண்டும் என்று கண்டுபிடிப்பேன் என்று சொன்னேன். மத்தியானம் தெற்கிலிருந்து எதிர்காற்று எழுந்தால், நான் கேட்காமலே முன்னால் போய், முதுகை இன்னும் கொஞ்சம் அகலமாக்கிக்கொள்வாய் என்று சொன்னேன். உண்மையைச் சொல்கிறேன் ஒரேஸ்தே, முப்பத்தொரு வருஷம் நான் இந்த ஏரியைச் சுற்றி வந்தேன், ஆனால் ஏரியைப் பார்த்ததே இல்லை, உன் முதுகைத்தான் பார்த்தேன். இந்த ஒன்பது வருஷமாகத்தான் ஏரியைப் பார்க்கிறேன். அழகாகத்தான் இருக்கிறது, தண்ணீர், மலை, தீவு எல்லாம் இருக்கின்றன. எனக்கு அலுத்துவிட்டது. காற்று முழுவதும் என் மூஞ்சியில் அடிக்கிறது.

தெல்ஃபினா ஒரு வரிகூட எழுதிக்கொள்ளவில்லை.

"இத்தனையும் தெரிஞ்சு வெச்சிருக்கீங்க பெரியவரே. மன்னிச்சுக்கோன்னு சொல்ல மட்டும் தெரியலையா?"

"எதுக்கு? நான் பாக்கவே இல்ல!"

"அப்ப சரி. இருபத்தஞ்சாம் தேதி சனிக்கிழமை காலைல உங்க தம்பி இந்த மேடைல உக்காரணும். இல்லேன்னா உங்க முறைய ஹாலந்துலேர்ந்து வர்ற பல் டாக்டருக்குக் குடுத்துடுவேன். அவருக்கு ரெண்டு காலும் இருக்கு, ரெண்டும் நேர்ல வருது."

நேரிலேயே வந்து கூப்பிட்டிருக்கலாம். வந்தேன். ஜூனில் ஒரு தடவை படகேறி உங்கள் துறையில் இறங்கினேன். நீ பழக்கடையில் நின்று ஒரு முலாம்பழத்தைக் காதருகே வைத்துத் தட்டிக்கொண்டிருந்தாய். தலை நன்றாக வெளுத்துவிட்டது உனக்கு. நீ திரும்பினால் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே படகுக்காரன் மணியடித்தான், நான் அதே படகில் திரும்பிவிட்டேன். முலாம்பழம் நன்றாக இருந்ததா என்று அன்று முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆகவே, இருபத்தைந்தாம் தேதி காலை எட்டுமணிப் படகில் வா. யாரும் பழையதைப் பேசப்போவதில்லை. நீ என்னிடம் எதுவும் சொல்ல வேண்டாம், நானும் சொல்ல மாட்டேன். அளவு கொடுத்துவிட்டுப் போய்விடு, அவ்வளவுதான். நான் பார்க்கவில்லை என்று நீ ஒப்புக்கொண்டால் நல்லது. ஒப்புக்கொள்ளாவிட்டாலும் சைக்கிள் உன்னுடையதுதான்.

இயோலேக்கு என் அன்பு. பூனைக்கும். நம் அம்மா உனக்குக் கொடுத்த ஆசிகள் எல்லாம் உன்மேல் இருக்கட்டும், எனக்குக் கொடுத்ததில் மிச்சம் இருந்தால் அதையும் எடுத்துக்கொள்.

என்றும் உன்,
எவாரிஸ்தோ

பின்குறிப்பு: இயோலே, இங்கே நிறுத்தம்மா. கடிதத்தை அவன் கையில் கொடுத்துவிடு. அவன் கண்ணாடியைத் தேடட்டும்.

ஒரேஸ்தே, பார்த்தேன். நீ சைக்கிளைச் சுவரில் சாய்த்ததைப் பார்த்தேன். மிதிப்பதை நிறுத்தினேன், உனக்காகத்தான். அப்புறம் முன்னால் பலகை தெரிந்தது, நடுவில் யாருமே இல்லை. முப்பத்தொரு வருஷத்தில் அந்தப் பலகைக்கும் எனக்கும் நடுவில் உன் முதுகு இல்லாமல் இருந்தது அன்றைக்குத்தான். கியரைச் சத்தமில்லாமல் மாற்றினேன். இரண்டு தடவை திரும்பிப் பார்த்தேன். நீ அவசரமாகப் பொத்தானைப் போட்டுக்கொண்டே "அண்ணே, இரு"ன்னு கத்தியது கேட்டது. போய்விட்டேன். முப்பது பேர் முன்னால் பொய் சொன்னேன், மேலே ஆறு பக்கமும் அதையே சொன்னேன். தப்பு என்னுடையதுதான், தம்பி. மன்னித்துக்கொள்.

சைக்கிள் வேண்டாம் என்றால் வேண்டாம், பல் டாக்டர் எடுத்துக்கொள்ளட்டும். ஆணியில் தொங்கும் அந்தப் பழைய சைக்கிளுக்கு டயர் மாட்டிக்கொண்டாவது ஒரு ஞாயிறு வா. மரக்கிடங்குச் சுவரோரம் நீ இறங்கிக்கொள். இந்த வயதில் உனக்கும் நேரமாகும், பரவாயில்லை, உன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நான் நிற்கிறேன்.