ஒன்றும் மறைக்காத ஸ்ரீகண்டன்

அடுத்தவர் பேச்சுக்கு அடியில் எழுத்து போடுகிறவர்கள் என்று ஓர் இனம் இருக்கிறது. இவர்களை யாரும் கணக்கெடுத்ததில்லை; எடுக்கப் போனால், கணக்கெடுக்க வந்தவர் என்ன கேட்கிறார் என்பதை இவர்களே வீட்டாருக்கு விளக்கத் தொடங்கிவிடுவார்கள். டாக்டரிடம் நோயாளி "வயிறு வலிக்கிறது" என்று சொல்லி முடிப்பதற்குள் "அதாவது டாக்டர், அவளுக்கு வயிற்றிலே ஒரு வலி" என்பார்கள். டாக்டர் "மூன்று வேளை" என்றால் நோயாளி பக்கம் திரும்பி "காலை, மத்தியானம், ராத்திரி" என்பார்கள். நாம் பார்ப்பதைத்தான் அவர்களும் பார்க்கிறார்கள், ஆனால் தாங்கள் ஒரு வரி போடாவிட்டால் நமக்கு அது விளங்காது என்று நம்புகிறார்கள். கெட்டவர்களா? இல்லவே இல்லை. கெட்டவர்களைச் சமாளிப்பது எளிது.

எங்களுக்கு வாய்த்தவர் வலியசாலை ஸ்ரீகண்டன். ஒருநாள் அவர் மனைவி ஜெயலக்ஷ்மியைத் தெருவில் பார்த்து "மூட்டுவலி எப்படி இருக்கு?" என்று கேட்டேன். "தேவலைன்னு சொல்றா" என்றார் ஸ்ரீகண்டன். ஜெயலக்ஷ்மி இன்னும் வாயைத் திறக்கவில்லை. முப்பத்தெட்டு வருஷமாகத் திறக்கவில்லை என்று கேள்வி.

அரசு அலுவலகத்தில் மேலிருந்து வரும் உத்தரவுகளுக்கு விளக்கக் குறிப்பு எழுதியே ஓய்வு பெற்றவர் அவர். ஓய்வுக்குப் பிறகு கம்ப்யூட்டரில் வீடியோ எடிட்டிங் கற்றுக்கொண்டார். படுக்கையில் கிடப்பவர்களை வீட்டில் வைத்துப் பார்க்கிறவர்களுக்கு நாங்கள் சிலர் பயிற்சி கொடுத்து வருகிறோம். அதற்கான வீடியோக்கள் எல்லாம் அவர் பொறுப்பு. சம்பளம் வாங்காமல் செய்கிறார். ஆகவே எதையும் மாற்றச் சொல்ல முடியாது.

பக்கவாதம் வந்தவருக்குக் கஞ்சி ஊட்டுவது எப்படி என்று ஒரு வீடியோ எடுத்தோம். ஊட்டுவதும் பேசுவதும் நான். பேச்சு மலையாளம்; போனக்காடு எஸ்டேட்டிலும் பாறசாலைப் பக்கத்திலும் தமிழ் மட்டுமே வாசிக்கிறவர்களுக்காகக் கீழே தமிழில் சப்டைட்டில். முதல் தடவை கேமராவைத் தூரத்தில் வைத்துவிட்டார்கள். பார்த்தால் பஸ் ஸ்டாண்டில் யாரோ யாருக்கோ எதையோ கொடுப்பது போலிருந்தது. எங்கள் நர்ஸ் ஜெஸி கேமராவைக் கிட்டே கொண்டுவந்து மறுபடி எடுத்தாள். முகம், கழுத்து, கரண்டி. அவ்வளவுதான் வேண்டும்.

இங்கேதான் ஸ்ரீகண்டனின் மூளை வேலை செய்தது. பழைய சப்டைட்டில் முழுவதையும் பின்னணி இல்லாத தனி அடுக்காக, கண்ணாடித் தாளில் எழுதியது போல, சேமித்து வைத்திருந்தார். அதை அப்படியே தூக்கிப் புதுப் படத்தின் மேல் விரித்துவிட்டார்.

"வசனம் அதேதானே சேச்சி? பின்னே எதுக்கு மறுபடி டைப் அடிக்கணும்?"

நியாயம்தான். இருபது வருஷமாக ஒரே வேகத்தில் அதே சொற்களைச் சொல்லி வருகிறேன். ஒரு நொடி பிசகவில்லை. ஆனால் பழைய படத்தில் அந்த எழுத்து விழுந்தது மேஜைக் காலின் மேல். மேஜைக் கால் தெரியவில்லை என்று யாரும் அழப் போவதில்லை. கிட்டத்தில் எடுத்த படத்தில் அது விழுந்தது நோயாளியின் தொண்டையின் மேல். "தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்த பிறகே அடுத்த கரண்டி" என்று கறுப்புக் கரை கட்டிய மஞ்சள் எழுத்தில் இரண்டு வரி, ஒவ்வொரு கரண்டிக்கும் தொண்டைக்குக் குறுக்கே.

"ஸ்ரீகண்டன், தொண்டை தெரியலியே."

"தெரியும் சேச்சி. டிரான்ஸ்பரண்ட் ஆக்கும். ஒண்ணும் மறைக்காது."

"எழுத்து இருக்கிற இடத்தில்?"

"எழுத்து இருக்கிற இடத்திலே எழுத்துதானே தெரியும்?"

அவர் முகத்தில் பெருமை. தொண்டையைப் பார் என்று சொல்லியாகிவிட்டது. இனி தொண்டை எதற்கு?

சனிக்கிழமை பாறசாலையிலிருந்து ராஜபாய் வந்தாள். அவள் வீட்டுக்காரர் சத்தியநேசனுக்குப் பக்கவாதம். திங்கள்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்புகிறார்கள். பாதித் தொண்டைதான் வேலை செய்கிறது. ஒரு கரண்டி இறங்கும் முன் அடுத்ததைக் கொடுத்தால் கஞ்சி நுரையீரலுக்குப் போகும், அப்புறம் மறுபடி ஆஸ்பத்திரி, அல்லது அதுவும் வேண்டியிருக்காது. ஊட்டப் போவது ராஜபாய் ஒருத்தி. அவளுக்குக் காது மந்தம். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பைபிள் வாசித்துப் பழகிய தமிழ் உண்டு. ஸ்ரீகண்டனின் எழுத்து உண்மையாகவே தேவைப்பட்ட ஒரே ஆள் அவள்தான்.

வீடியோவை மூன்று தடவை பார்த்தாள்.

"படிச்சாச்சு. எல்லாம் மனசுல இருக்கு கேட்டியளா."

யாருக்காவது ஊட்டிக் காட்டச் சொன்னேன். ஸ்ரீகண்டன் தானே நாற்காலியில் வந்து நிமிர்ந்து உட்கார்ந்தார். தன் எழுத்து வேலை செய்வதைப் பக்கத்தில் இருந்து பார்க்கிற ஆசை. நான் கெட்டியாகக் காய்ச்சிய கஞ்சியை ராஜபாய் கையில் கொடுத்தேன், ஜெஸி டிவியில் வீடியோவை ஓட விட்டாள்.

முதல் கரண்டி நன்றாகப் போனது. ஸ்ரீகண்டன் அதை வாயில் வைத்துக்கொண்டே விளக்கத் தொடங்கினார்: "இப்போ அவா என்ன பண்றான்னா..." ராஜபாய் அவரைப் பார்க்கவில்லை. டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரையில் எழுத்து மறைந்தது. உடனே இரண்டாவது கரண்டி உள்ளே போனது.

ஸ்ரீகண்டன் இருமினார். கண் சிவந்து, மூக்கில் கஞ்சி வந்து, மேஜையைத் தட்டி இருமினார். முன்னால் சாய்த்துப் பிடித்தேன். இருமுகிறவரைப் பற்றி எனக்குப் பயமில்லை. சத்தியநேசனுக்கு இருமத் தெம்பு இருக்காது, அதுதான் பயம்.

"ஏன் அவசரப்பட்டே?" என்று ராஜபாயின் காதருகே கத்தினேன்.

"எழுத்து போச்சுல்லா? எழுத்து போனா அடுத்த கரண்டின்னுதானே படத்துல கெடக்கு. மூணு வாட்டியும் அப்படித்தானே ஊட்டினிய?"

அவள் சொன்னது சரி. நான் தொண்டையைப் பார்த்து ஊட்டினேன். அவள் கண்ணுக்குத் தொண்டையே காட்டப்படவில்லை. காட்டியதைக் கற்றுக்கொண்டாள். திங்கள்கிழமை வீட்டில் சத்தியநேசன் முன்னால் எந்த எழுத்து வந்து எந்த எழுத்து போகும்?

ஸ்ரீகண்டன் கையை ஆட்டினார். ஏதோ சொல்ல வந்தார். வரவில்லை. வாயைத் துடைத்துவிட்டு மறுபடி ஆட்டினார். ஜெஸி பெண் பொல்லாதவள்.

"ஸார் என்ன சொல்றாருன்னா சேச்சி, எழுத்தை இப்பவே மாத்திடறேன்னு."

அவர் அதைச் சொல்ல வரவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. மறுக்கக் குரல் இல்லை. அறையில் முதல் முறையாக ஸ்ரீகண்டன் பேச்சுக்கு இன்னொருவர் எழுத்து போட்டார், அது எல்லாருக்கும் பிடித்திருந்தது.

டிவியை அணைத்தேன். ராஜபாயின் விரலை எடுத்து அவள் தொண்டையிலேயே வைத்து எச்சில் விழுங்கச் சொன்னேன். எலும்பு ஏறி இறங்கியது. "ஓ, இதா?" என்றாள். அப்புறம் ஸ்ரீகண்டனுக்கு ஒன்பது கரண்டி. மோவாயைத் தாழ்த்தி, வாயை மூடி, பேசாமல் விழுங்கினார். ஜெயலக்ஷ்மி பார்த்திருக்க வேண்டும்.

திங்கள்கிழமை நானே பாறசாலைக்குப் போனேன். கட்டிலைச் சுற்றி உறவுக்காரர்கள். சத்தியநேசனின் தம்பி தலைமாட்டில் நின்று, "அண்ணனுக்கு போதும்னு சொல்லுதாரு, வேண்டாம்னு சொல்லுதாரு" என்று எழுத்து போட்டுக்கொண்டிருந்தான். பாறசாலையிலும் உண்டு இந்த இனம்.

"நீ கொஞ்சம் சும்மா இரி கொழுந்தனே" என்றாள் ராஜபாய். "நான் தொண்டையப் பாத்துட்டிருக்கேன்."

நாற்பது நிமிஷத்தில் அரைக் கிண்ணம். ஒரு இருமல் இல்லை.

ஸ்ரீகண்டன் எழுத்தை மாற்றிவிட்டார், மறுக்கவில்லை. இப்போது அது திரையின் உச்சியில், நோயாளியின் தலைக்கு மேலே வருகிறது. தொண்டை நன்றாகத் தெரிகிறது. தெரிகிற தொண்டையின் மேல் புதிதாக ஒரு மெல்லிய அடுக்கு விரித்து, அம்புக்குறி போட்டு, "தொண்டை" என்று எழுதியிருக்கிறார்.

"சின்ன எழுத்தாக்கும் சேச்சி. ஒண்ணும் மறைக்காது."

நீங்கள் அந்த இனம் இல்லை என்கிறீர்களா? நல்லது. ஆனால் இதைப் படித்து முடித்ததும் வீட்டில் ஒருவரிடம் நீட்டி, அவர் இரண்டு வரி படிப்பதற்குள் "இது யாரைப் பத்தின்னா..." என்று தொடங்கப் போகிறீர்களே, தொடங்காதீர்கள். வாயை மூடிக்கொண்டு அவர் தொண்டையைப் பாருங்கள். ரொம்ப நாளாக அங்கே ஒரு பேச்சு நிற்கிறது. உங்களைப் பற்றித்தான் ஏதோ சொல்ல வருகிறார்.